சீர்த் தலையணை

மகளின் கல்யாணத்தில் சீரைப் பரப்பி வைத்தபோது சம்பந்தியம்மா குனிந்து, தலையணையை ஒற்றை விரலால் குத்திப் பார்த்தார். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

"இன்னா சம்பந்தியம்மா, ஊர்ல இலவம்பஞ்சே கிடைக்கலியா? ஆஸ்பத்திரி தலகாணி மாதிரி கீது!"

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். பழைய பஞ்சுத் தூசி பட்டால் மூச்சு அடைத்துவிடும் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தோம். "அதுக்கின்னா, பாத்துக்கலாம்" என்றவரும் அவர்தான்.

அந்தத் தலையணைக்காக நானும் மகளும் அம்பத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ரப்பர் தலையணையின் வாடையே அவளுக்கு இருமலைக் கிளப்பியது. கடைசியில் ஒரு ஃபைபர் தலையணையை இரண்டாக மடித்து விட்டேன், பட்டென்று விரிந்தது. மகள் அதில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். "கல்யாணப் பொண்ணு இப்பவே தூங்கிடுச்சா?" என்றார் கடைக்காரர். தூசி புகாதபடி நெருக்கமாக நெய்த ஜிப் உறையும் வாங்கினோம். உறைகளை வாராவாரம் வெந்நீரில் துவைக்க வேண்டும், தலையணைக்குள் ஈரம் தங்கக் கூடாது, கட்டி கட்டியாகத் திரண்டால் மாற்றிவிட வேண்டும். இதெல்லாம் அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் மற்றவர்கள் கொடியில் சேலை காய்ந்தால் எங்கள் கொடியில் தலையணை காயும். அப்படி வளர்ந்தவள்.

சென்னீர்குப்பத்தில், புகுந்த வீட்டில், அவள் வெந்நீர் வைக்கும்போதெல்லாம் சம்பந்தியம்மாவுக்கு வேடிக்கை. "மகாராணி வெந்நி போட்டுகினு கீறாங்க. குளிக்க இல்ல, தலகாணிக்கு!" வந்தவர்கள் சிரிப்பார்களாம். தானும் சேர்ந்து சிரித்துவிடுவதாக மகள் போனில் சொல்வாள்.

ஒரு காலை, கணவருக்கு ஃபேக்டரிக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது மருமகன் போனில் கூப்பிட்டார். "அத்தை, கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார். போனேன். மகள் முகத்தில் நெபுலைசர் மாஸ்க். நகங்கள் நீலம் பாரித்திருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. என்னைப் பார்த்தாள், பேச முடியவில்லை.

மாற்றுத் துணி எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் அவளுடைய பூப்போட்ட உறையோடு தலையணை கிடந்தது. தூக்கியதும் விரலுக்கடியில் விதைகள் உருண்டன. உறையை உருவினேன். ஜிப் உறை இல்லை, ஃபைபர் இல்லை. ஒரு மெல்லிய துணிப்பை, அதற்குள் பழுப்பேறிய இலவம்பஞ்சு. என் கையெல்லாம் தூசி.

சம்பந்தியம்மா வாசற்படியில் நின்றார்.

"பரண்ல கெடந்த மெத்தையப் பிரிச்சு நான்தான் போட்டேன். நேத்து ஊட்ல விருந்தாளி, வேலை ஜாஸ்தி, உன் பொண்ணு படுத்ததும் தூங்கிடுச்சு. நெசமாவே நோவா, நடிப்பானு தெரிஞ்சுக்க வாணாமா? இன்னா அப்டி பாக்குற? நான் இன்னா வெசத்தையா வெச்சேன்? பஞ்சு தானே!"

துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குணமானதும் மகளை ஆவடிக்கு அழைத்து வந்தோம். கூட்டிப்போக மருமகன் வந்தார். மகள் காபியைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தம்ளரையே பார்த்தார். "ஒரு நாள்தானேனு அம்மா சொன்னாங்க. உனக்கு இவ்ளோ ஆகும்னு நான் நெனைக்கல."

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். புதிதாக ஒரு தலையணை வாங்கினேன். நானே துவைத்து, மாடியில் காயவைத்து, உறை மாட்டி, அவள் கட்டிலில் போடுகிறேன். அவள் வந்து மேலுறையை உருவுகிறாள். ஜிப்பைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவுகிறாள்.

"நான்தாம்மா போட்டேன்" என்றேன் நேற்று.

"தெரியும்மா" என்றாள். கையை வெளியே எடுக்கவில்லை.