பாய் படித்த பக்கம்

புதுப்பட்டினம் மார்க்கெட் முனையில் இருக்கிறது ஜெயினுலாபுதீனின் டீக்கடை. டீயைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கல்பாக்கத்தில் ஷிஃப்ட் முடித்து பஸ்ஸில் வந்து இறங்கும் நாங்கள் பன்னிரண்டு பேர் முப்பது வருஷம் வேறு கடைப் பக்கம் போனதில்லை. அந்த மனுஷனுக்காகத்தான் போனோம்.

ஜனவரி முதல் தேதி காலையில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆபீஸில் கிடைத்த புது டைரி ஒன்றைப் பாயிடம் கொடுப்போம். இந்த வருஷம் என்ன செய்யப்போகிறோம் என்று ஆளுக்கொரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அடுத்த ஜனவரியில் அதை எல்லோர் முன்னாலும் படித்தால் மானம் கப்பலேறும். ஹரிகிருஷ்ணன் பதினெட்டு தடவை சிகரெட்டை விட்டான், ஒவ்வொரு தடவையும் மூன்று நாள். எப்படிச் சிரித்திருக்கிறோம்! இப்போதெல்லாம் அப்படிச் சிரிக்க ஆள் கிடைப்பதில்லை.

எங்கள் டைரியில் எல்லாம் டிசம்பர் பக்கங்களில்தான் இருக்கும். சின்ன வயதில் மதரஸாவில் அரபி ஓதக் கற்றவர் பாய். தமிழ் எழுத்து தெரியாது. எந்தப் புத்தகத்தையும் அரபிப் புத்தகம்போல வலது பக்கமிருந்துதான் திறப்பார். முதல் வருஷம் அப்படித் திறந்து, "மொத பக்கம் சார், எழுது" என்று நீட்டினார். டிசம்பர் முப்பத்தொன்று! சிரித்துக்கொண்டே எழுதினோம். பிறகு அதுவே சட்டமாகிவிட்டது.

அவருக்காக நான்தான் எழுதுவேன். வருஷா வருஷம் ஒரே வரி: "தமிழ் படிக்கக் கத்துக்கணும்." எழுதிக்கொடுத்த எனக்கு, வாருங்கள் நான் சொல்லித்தருகிறேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. டைரியைப் படிக்கும் வேலையும் என்னுடையதுதான். அதில் ஒரு திருட்டுத்தனமும் செய்துவந்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன் என் மகள் சஹானா, கூட வேலை பார்த்த ஆபிரகாமைக் கல்யாணம் செய்துகொண்டாள். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றேன். என் மகளாயிற்றே, மிதிக்கவில்லை. இருப்பதென்னவோ கூடுவாஞ்சேரியில்தான். என் மனைவி ராஜம் குக்கர் சத்தத்துக்கு நடுவில் அவளோடு போனில் பேசுவாள். நான் செவிடனாகப் பேப்பர் பார்ப்பேன். ஆனால் ஒவ்வொரு ஜனவரியும் டைரியில், "இந்த வருஷம் சஹானாவிடம் பேச வேண்டும்" என்றுதான் எழுதினேன். மறு வருஷம், "பக்தவத்சலம், தினமும் வாக்கிங்" என்று வாய் கூசாமல் படித்தேன். எல்லோரும் என் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

போன ஜனவரி ஒன்றாம் தேதி. சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள், போய்ச் சேர்ந்தவர்கள் போக நாலு பேர்தான் மிச்சம். வழக்கம்போலப் பழைய டைரிக்குக் கை நீட்டினேன். பாய் தரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இந்த தபா நான் படிக்கிறேன் சார். பேத்தி அலீனா இஸ்கூல் பாடம் படிக்கும்போது பக்கத்துல குந்திகினு கத்துக்கினேன்."

முதலில் ஹரிகிருஷ்ணனின் பக்கம். "சி... க... ரெட்டை" என்று எழுத்துக்கூட்டி முடித்ததும் கடையே கைதட்டியது. நான் தட்டவில்லை. அடுத்தது என் பக்கம். டைரியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

வரியின் மேல் அவர் விரல் நகர்ந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. திரும்ப முதலிலிருந்து படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சாரு டெய்லி வாக்கிங் போறாராம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். அறுபத்து மூன்று வயதில் படிக்கக் கற்றுக்கொண்ட மனுஷன், முதல் நாளே எனக்காகத் தப்பாகப் படித்தார்.

மற்றவர்கள் போனதும் டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டார். "இன்னா சார், இத்தினி வருசமா நீ சொன்ன வாக்கிங் இதானா?"

"ஆமா பாய்."

"படிக்கணும்னு எத்தினி வருசம் உன்னாண்ட எழுதச் சொன்னேன். கத்துக்க அஞ்சாறு மாசம்தான் ஆச்சு. மத்த வருசமெல்லாம் வெறும் பயம் சார். போன்ல பேச எம்மா நேரம் ஆயிடும்? போ, பேசு."

கடைக்குப் பின்னால் போய் நின்றேன். ராஜம் என்றைக்கோ என் போனில் பதிந்து வைத்த நம்பர், நானும் அழிக்கவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அப்பா? என்ன ஆச்சுப்பா? அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

நான் கூப்பிட்டாலே வீட்டில் ஏதோ கெட்டது நடந்திருக்கும் என்று நினைக்கும்படி வைத்திருக்கிறேன் என் பெண்ணை.

"அம்மா நல்லா இருக்காம்மா" என்றேன். "உங்க வீட்டு வாசப்படிய நான் மிதிக்கலாமா? அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."