துண்டுக்கு மேல் சொன்ன விலை

எனக்குக் கோபம் வந்தால் டைப்ரைட்டரில் முற்றுப்புள்ளி விழும் இடமெல்லாம் காகிதம் ஓட்டையாகிவிடும். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எழுபதுகளின் கடைசியில், வருஷத்துக்கு ஒரு நாள் அது நிச்சயம் நடக்கும். ஆண்டறிக்கை அடிக்கிற நாள்.

அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. மெட்ராஸ் நூல் மில் ஒன்றின் பங்குகள் கொஞ்சம் எங்கள் கம்பெனியிடம் இருந்தன. அவற்றை என்ன விலைக்கு வாங்கினோம் என்று ஒரு பக்கம் அடிப்பேன். வருஷக் கடைசியில் சந்தையில் அவை என்ன விலைக்குப் போயின என்று அதற்கு எதிரே அடிப்பேன். பேப்பரைப் பார்த்தால் விலை தெரிந்துவிடும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வரும்போதுதான் பற்றிக்கொண்டு வரும். எங்கள் கம்பெனியின் சொந்தப் பங்கு எந்தச் சந்தையிலும் ஏறாதது. அதை வெளி ஆளுக்கு விற்க முடியாது. ஏற்கெனவே பங்கு வைத்திருக்கிறவர்களுக்குத்தான் விற்கலாம், அதுவும் வருஷக் கூட்டத்தில் முடிவாகிற விலைக்குத்தான். அந்த விலைக்கு 'நியாய விலை' என்று பெயர் வேறு. ரேஷன் கடையில்கூட அந்தப் பெயருக்கு இதைவிட மரியாதை இருந்தது. 'இவ்வாண்டுக்குப் பங்கு ஒன்றின் நியாய விலை ரூபாய் பத்து.' போன வருஷமும் பத்துதான். கம்பெனி தொடங்கிய அன்று பத்திரத்தில் அச்சடித்த அதே பத்து. அதற்குள் இரண்டு ஷெட் எழுந்துவிட்டது, தோல் பதனிடும் பெரிய மர டிரம்கள் வந்துவிட்டன, ரோட்டோர நிலத்தின் விலை எங்கேயோ ஏறிப் போய்விட்டது. பங்கு மட்டும் பிறந்த மேனிக்கு அப்படியே இருந்தது. இருக்காதா பின்னே? விலை போடுகிறவர்களும் டைரக்டர்கள்தான், வாங்குகிறவர்களும் அவர்கள்தான்.

எனக்கு ஏன் வயிற்றெரிச்சல் என்றால், என் பெயரில் இருநூறு பங்குகள் இருந்தன. அப்பா அந்தக் கம்பெனியின் முதல் கணக்கர். தொடக்கத்தில் சம்பளம் போடக் காசில்லாமல் பங்காகக் கொடுத்திருக்கிறார்கள். தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழிகளைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரிக்கும் இன்னும் சிலருக்கும் அப்படித்தான். அப்பா போன பிறகு பங்கு எனக்கு வந்தது, அவருடைய நாற்காலி வந்தது, கம்பெனி கொடுத்திருந்த ஓட்டு வீடும் வந்தது. வீடு குழிகளுக்கு நேர் பின்னால். என் மேசை ஜன்னலைத் திறந்தால் எங்கள் வாசல் தெரியும், அம்மா இருமுவது கேட்கும். அம்மாவுக்கு இளைப்பு. உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். வேலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் சும்மா. அந்தக் காத்தவிட்டு மொதல்ல கூட்டிட்டுப் போங்க" என்றார்.

போகிற இடமும் அமைந்தது. காட்பாடியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். சர்ச்சில் தெரிந்த ரிட்டயர்டு ரயில்வே கார்டு ஒருவர் தன் இரண்டு அறை வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தோம். அம்மா முற்றத்தில் நின்று மூச்சை இழுத்து விட்டாள். "நாத்தமே இல்லடி" என்றாள், ஏதோ குறை சொல்வதுபோல. கம்பெனியின் வருஷக் கூட்டம் முடியும் வரை காத்திருப்பதாக அந்தக் கார்டு வாக்குக் கொடுத்தார்.

பங்குக்குப் பத்து ரூபாய் என்றால் அந்த வீட்டின் பின்சுவர்கூட வராது. ஐம்பது என்றால் வீடே வரும். வேலையை விட்டால் கம்பெனி வீடு போய்விடும், வேறு வீடு வேண்டுமென்றால் பங்கை விற்க வேண்டும், பங்கை விற்கப் போனால் பத்து. எலிப்பொறியில்கூட ஒரு பக்கம் கதவு இருக்கும். எனக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கம்பெனி.

கணக்குத் தணிக்கைக்கு வேலூரிலிருந்து ஓர் இளைஞர் வருவார். நல்ல மனிதர், பயந்த சுபாவம். அவரைப் பிடித்து உட்காரவைத்து, "பங்கு நெஜமா இன்னா பெறும், சொல்லுங்க சார்" என்றேன். நிலம், டிரம், கையிருப்புத் தோல் எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்து, பங்குகளால் வகுத்தார். "அம்பதுக்குக் கம்மி இல்லம்மா. ஆனா வெல போடறது என் வேலை இல்ல. அவங்க சொல்றத எழுதறதுதான்."

அவர்கள் சொல்கிற முறையையும் சொல்ல வேண்டும். டைரக்டர்கள் மூன்று பேர், மூவரும் பச்சைத்தோல் மண்டியில் வளர்ந்தவர்கள். மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். ஒரு விரலைப் பிடித்தால் பத்து, ஐந்தையும் பிடித்தால் ஐம்பது. சுற்றி நிற்கிறவன் முகத்தைத்தான் பார்க்கலாம். எங்கள் கம்பெனியின் நியாய விலையும் அப்படித்தான் பிறந்தது. தணிக்கையாளர் "இந்த வருஷத்து வெல?" என்று கேட்டதும் மேசைமேல் துண்டு விரியும், மூன்று கைகள் உள்ளே போகும், டீ ஆறுவதற்குள் வெளியே வரும். மூவரில் மூத்தவரான பெரிய பாய் "பத்து" என்பார். தணிக்கையாளர் எழுதுவார், நான் அடிப்பேன். நான் பார்த்த வரைக்கும் துண்டுக்கு அடியிலிருந்து வருவதுதான் எல்லோருக்கும் விலை.

அந்த வருஷக் கூட்டத்தில் சிறிய பங்குதாரர்களும் வந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரியும் இருந்தார். கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷனுக்காகப் பங்கைப் பத்துக்கே கொடுத்துவிட வந்திருந்தார். பெரிய பாய் துண்டை எடுத்தபோது நான் எழுந்துவிட்டேன்.

"பாய், பத்து ரூபாய்க்கு இப்ப நல்ல செருப்புகூட வராது. தோல் ஊர்ல உக்காந்துக்கினு நீங்களே சொல்லுங்க."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பெரிய பாயும் சிரித்தார். அப்பாவுக்கு அவர் தோஸ்த். எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவின் இருமலைக் கேட்டுவிட்டு மாதுளம்பழம் அனுப்புவார்.

"மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு நின்னா ஆச்சா? வா, கை குடு. பேசுவோம்."

பக்கத்திலிருந்த டைரக்டருக்குப் பொறுக்கவில்லை. "பொம்பளப் புள்ள கைய எப்படிப் புடிக்கறது? அவங்க மாமாவ வரச் சொல்லு."

"மாமாவா பங்கு வெச்சிருக்காரு?" என்றேன்.

பெரிய பாய் தன் வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மிச்ச முனையை மேலே மறைப்பாகத் தொங்கவிட்டு நீட்டினார். சுற்றிய துணியோடு அவர் விரல்கள் ஐந்தையும் சேர்த்துப் பிடித்தேன். அவர் தலையசைத்து, என் விரல்களில் மூன்றை மட்டும் அழுத்தினார். நான் விடவில்லை, மறுபடி ஐந்தையும் பிடித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே அம்மா இருமினாள். பெரிய பாய் என் ஐந்து விரல்களையும் சேர்த்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

என் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! காட்பாடி முற்றம் கண்ணுக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் நடக்கிறதைத்தான் நானும் செய்தேன். தணிக்கையாளர் பக்கம் திரும்பி, "அம்பது. எழுதிக்குங்க சார்" என்றேன்.

தணிக்கையாளரின் பேனா அப்போதே ஓடியது. அவருக்கும் எத்தனை வருஷத்து ஆசையோ.

பெஞ்சின் கோடியிலிருந்து மேஸ்திரி கேட்டார்: "அப்ப எனக்கும் அம்பதா பாய்?"

பெரிய பாய் என்னைத்தான் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உனக்குக் குடுத்தேம்மா. ஊருக்கா குடுத்தேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கம்பெனிக்கு விலை போடவில்லை. தோஸ்தின் மகளுக்கு, இருமுகிற அம்மாவுக்கு, தன் கைக்காசிலிருந்து கொடுக்க நினைத்திருக்கிறார். பேப்பரில் பத்து, கையில் மீதி. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மறுவாரம் வண்டி கட்டியிருப்பேன். மாமாவைக் கேட்ட டைரக்டர், "அது தனி பேரம், எழுதினத அடிச்சிடுங்க" என்று தணிக்கையாளரிடம் பாய்ந்தார்.

"அடிக்காதே" என்றார் பெரிய பாய். "கையப் புடிச்சிட்டு இல்லேன்னு சொல்ற ஆளு நான் இல்ல. அம்பதுன்னா அம்பதுதான்."

ஐம்பது நின்றது. ஆனால் வாங்க ஆள் நிற்கவில்லை. ஒருவரிடம் ஐம்பதுக்கு வாங்கினால் எல்லோரிடமும் வாங்க வேண்டிவரும், அவ்வளவு பணம் யாரிடமும் இல்லை என்றார்கள் மற்ற இருவரும். பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பச் சர்க்கார் கெடுபிடி ஜாஸ்தியாகி, வியாபாரமே படுத்திருந்த நேரம். அது பொய்யும் இல்லை. என்னிடம் மட்டும் வாங்கிக்கொண்டு மேஸ்திரிக்கு இல்லை என்று சொல்லப் பெரிய பாயாலும் முடியவில்லை. கம்பெனி விதியில் என்ன விலைக்கு விற்கலாம் என்றுதான் இருந்தது. யாராவது வாங்கியே ஆக வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. தேடித் தேடிப் படித்துவிட்டேன்.

காட்பாடி வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு யாரோ சேர்ந்தார்கள். அம்மா கேட்டாள், "வெல ஏறிடுச்சின்னியே, அப்புறம் இன்னாடி?"

"ஏறிடுச்சும்மா. அதான் விக்கல."

அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நானே அப்படித்தான் நினைத்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லோர்மேலும் கோபப்பட்டேன். பெரிய பாய் மாதுளம்பழம் அனுப்புவதை நிறுத்தவில்லை. அதுதான் இன்னும் பேஜாராக இருந்தது.

எண்பதுகள் பிறந்தன. தணிக்கையாளருக்குத் துணிச்சல் வந்து, வருஷா வருஷம் முறையாகக் கணக்குப் போட்டு விலை சொல்ல ஆரம்பித்தார். ஐம்பது அறுபதானது. பேப்பரில் நான் பணக்காரி. அந்தப் பேப்பரை அடித்ததும் நான்தான், அடித்துவிட்டுக் குழிகளைச் சுற்றிக்கொண்டு அதே வீட்டுக்குப் போனதும் நான்தான்.

மேஸ்திரி மாதம் ஒரு தடவை வருவார். வாசற்படியில் காலால் தடவிப் பார்த்து ஏறுவார். "பாப்பா, ஆளு வந்துச்சா?" "இல்ல மேஸ்திரி." "வரும், வரும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். பத்து ரூபாய்க்கு அன்றைக்கே விற்றிருந்தால் அவருக்கு ஒரு கண்ணாவது தெரிந்திருக்கும். அதை அவர் ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை.

ஒரு வருஷம், ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தபோது வந்தார். சாப்பாட்டு நேரம், அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை.

"நீயே வாங்கிக்கயேன் பாப்பா. பத்துக்கே தர்றேன்."

"ஆகாது மேஸ்திரி. அறுபதுக்குக் கம்மின்னா பேர் மாத்த மாட்டாங்க."

"உங்கிட்ட அறுபது இருக்குதா?"

"எங்க இருக்குது?"

மேஸ்திரி தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டு என் பக்கம் நீட்டினார். கண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் பையில் போனஸ் பணம் இருந்தது. அம்மாவுக்கு வாங்க வேண்டிய மருந்துக்காக வைத்திருந்தேன். துண்டுக்கு அடியில் கையை விட்டேன். துணி நடுவில் வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சுண்ணாம்பு அரித்து அரித்து அவர் விரல்களில் நகமே இல்லை. பிடித்தேன். அவர் அவ்வளவு வேண்டாம் என்பதுபோல இழுத்துக்கொண்டார். விடாமல் மறுபடி பிடித்தேன். கடைசியில் அவரும் அழுத்தினார்.

பணத்தை எண்ணாமல் மடியில் கட்டிக்கொண்டார். பத்திரத்தை நான் கேட்கவில்லை, அது இன்னும் அவர் பெயரில்தான் இருக்கும். எத்தனை விரல்களைப் பிடித்தேன் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்தேன், ஊருக்கா கொடுத்தேன்?

அவர் படியிறங்கிப் போன பிறகு, பாதியில் நின்ற வரியை அடித்து முடித்தேன். 'இவ்வாண்டுக்குப் பங்கு ஒன்றின் நியாய விலை ரூபாய் அறுபது.' அன்றைக்கு முற்றுப்புள்ளி காகிதத்தைக் கிழிக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மா இருமிக்கொண்டிருந்தாள்.