உப்புப் போடாத சிவப்பு

மகளின் புதுத் துப்பட்டாவை நனைத்ததும் வாளித் தண்ணீர் சிவந்தது. அந்தச் சாய வாசனை என்னைச் சின்ன வயதில் இருந்த மாரெட்பள்ளி வீட்டுக்கு இழுத்துப்போனது.

அப்பா வேலை பார்த்த கம்பெனியின் கபடி அணியில் ஆபீசர் சிபாரிசு இருந்தால்தான் இடம். அப்பா தன் ஷிப்டுக்காரர்களைச் சேர்த்துத் தனி அணி தொடங்கினார். சீருடைக்காக அம்மா பழைய பனியன்களை வெந்நீர் அண்டாவில் சிவப்புச் சாயம் கரைத்து முக்கினாள். அவசரத்தில், சாயம் துணியில் பிடிக்க உப்புப் போட மறந்துவிட்டாள்.

வெள்ளைச் சீருடையில் வந்த கம்பெனி அணியோடு மோதிய அன்று, வியர்வையில் சாயம் கைவரை வழிந்தது. கூட்டம் சிரித்தது.

"இந்தக் கோலம் நக்கோப்பா, வேணாம், கழட்டிட்டு ஆடுங்க," என்றார் நடுவர்.

"கழட்ட மாட்டோம். நீங்க விசில் ஊதுங்க," என்றார் அப்பா.

தோற்றோம். அடுத்த மழைக்காலத்துக்குள் அணியும் கலைந்தது. இருக்கட்டுமே. அன்று கோப்பை வாங்கப் போன ஒவ்வொரு வெள்ளைச் சீருடையிலும் எங்கள் சிவப்புக் கை பதிந்திருந்தது.