வெண்ணிலா ஆகப் போன லூனா

லூனாவுக்கு இருபத்தெட்டு வயது. புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமத்து அங்கன்வாடியில் டீச்சர். அவள் பேரைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் அந்த மலையிலேயே கிடையாது. மிதித்து ஸ்டார்ட் பண்ணுகிற லூனா மொபெட்டின் பேரைப் பெற்ற பிள்ளைக்கு வைப்பார்களா? அங்கன்வாடிப் பிள்ளைகள்கூட அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக 'டுர்ர்ர்' என்று வண்டி ஓட்டும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மாமா, "மைலேஜ் எவ்ளோம்மா குடுக்கும்?" என்றார். அன்றைக்கு அடுப்படியில் நின்று அவள் அழுத அழுகை இருக்கிறதே!

அந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொன்ன கையோடு பேரையே மாற்றக் கிளம்பினாள். புதுப் பேரையும் அவளே முடிவு செய்தாள்: வெண்ணிலா. சாட்சிக் கையெழுத்துக்கு அப்பா மாதையனைக் கூட்டிக்கொண்டு திருப்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்தாள்.

சென்டர் நடத்தும் கலைவாணி பேர் மாற்றும் விண்ணப்பத்தைப் படபடவென்று தட்டிக்கொண்டே வந்தவள், 'காரணம்' என்ற கட்டத்தில் நின்றாள்.

"இன்னா போடட்டும்?"

"மொபெட்டு பேரு, அசிங்கமா கீதுன்னு போடுக்கா."

"அப்டியேவா போடுவாங்க? இரு, அர்த்தம் பாக்கறேன்." செல்போனில் தேடினாள். இரண்டு தடவை படித்தாள். "ஏம்மா, லூனான்னா நெலாவாம்! லத்தீன் வார்த்தையாம். அந்தக் காலத்துல ரோம்ல நெலா சாமிக்கே இந்தப் பேராம். இப்ப அமெரிக்காவுல பொண்ணுங்களுக்கு ஆசை ஆசையா வெக்கறாங்களாம்."

"நெலாவா?"

"ஆமா. நெலாவ வெண்ணிலாவா மாத்தறதுக்கு இப்ப நான் இன்னா காரணம்னு எழுதறது?"

லூனா அப்பா பக்கம் திரும்பினாள்.

"நைனா, நீ வண்டிய பாத்துதானே வெச்ச?"

மாதையன் துண்டை உதறித் திரும்பத் தோளில் போட்டார். "இல்லம்மா. காவலூர்ல வானத்த பாக்கற பெரிய கண்ணாடி கீதே, அங்க தோட்ட வேலைக்குப் போனப்போ ஒரு ஆபீசரம்மா அவங்க பொண்ண லூனா லூனான்னு கூப்புடுவாங்க. கேக்க நல்லா இருந்துச்சு. வெச்சிட்டேன்."

"அப்பறம் வண்டின்னு ஏன் சொன்ன?"

"ஊரே வண்டியா வண்டியான்னு கேட்டுச்சு. அர்த்தம் எனக்கே தெரியாதே! ஆமான்னுட்டேன்."

இருபத்தெட்டு வருஷம்! சிரிப்பதா, இந்த மனுஷன் சட்டையைப் பிடித்து உலுக்குவதா? நிலா என்று தெரிந்துவிட்டதால் நாளைக்கு ஊர் சிரிக்காமல் இருந்துவிடுமா? வீடு வீடாகப் போய் லத்தீன் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

"காரணம் எதாச்சும் போட்டுக்கறேன், கையெழுத்து போடறியாம்மா? பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

பேனாவை எடுத்தாள். பழைய பேர் லூனா. புதுப் பேர் வெண்ணிலா. இதில் எது தன் பேர் என்று அவளுக்கே புரியவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கு வேணாம்க்கா."

"அப்ப எப்போ?"

"தெர்ல."

வெளியே வந்ததும் மாதையன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கோவமா, லூனா?"

அவள் சட்டென்று நின்றாள்.

"இன்னொரு தடவ கூப்புடு நைனா. எப்டி கீதுன்னு பாக்கறேன்."