கத்தி படாத ஆபரேஷனும் வாய் திறக்காத மனுஷரும்

இது நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், நாங்கள் தென்காசியில் இருந்தபோது. என் வீட்டுக்காரருக்கு அப்போது அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில் பக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார். ஒரு பித்தளைக் குடத்துக்குப் பேரம் பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்ட வாயிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைப் பிடுங்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அதற்கு ஓரிரு வருஷம் முன்பிருந்தே அவர் தினமும் விடிந்ததும் பஸ் ஏறிக் குற்றாலம் போக ஆரம்பித்திருந்தார். சீசனில் எல்லாரும்தான் போவார்கள். இவர் சீசன் முடிந்த பிறகும் விடவில்லை. அருவித் தண்ணீர் உடம்புக்கு நல்லது, நரம்புக்கு நல்லது என்று ஏதாவது சொல்வார். நானும் அதை நம்பி, துண்டும் எண்ணெயும் எடுத்து வைத்து, எங்கள் வீட்டுக்காரருக்கு இந்த வயதிலும் என்ன ஒரு ஒழுங்கு என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு அடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டிலோ வேறு விதமான தொல்லை. குளியலறைக்குள் போனால் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுவிட்டு வெகுநேரம் நிற்பார். தண்ணீர் பாட்டுக்குச் சாக்கடையில் போகும். "தண்ணிய ஏன் இப்படி வீணாக்குதிய?" என்று கேட்டால் எரிந்து விழுவார். வெளியூர்க் கல்யாணம் என்றால் வரமாட்டார். வந்தாலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வயதானால் சிலருக்குக் கிறுக்குப் பிடிக்கும், இவருக்குச் சீக்கிரமே பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மாசி மாதம் பெரிய அருவி வெறும் ஈரக்கோடாகிவிட்டது. வீட்டுக் குழாயிலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது. ஒரு காலையில் குற்றாலம் போனவர் முகமெல்லாம் வெளுத்துத் திரும்பி வந்தார். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. என்ன செய்கிறது என்று கேட்டால் வாயு என்றார். நானும் பெருங்காயம் கரைத்து மோர் கொடுத்தேன். சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காக அந்த மனுஷர் அதையும் ஒரு சொம்பு குடித்தார். கொஞ்ச நேரத்தில் அடிவயிறு கல் மாதிரி ஆகி, புழுவாய்த் துடிக்க ஆரம்பித்துவிட்டார். வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கிறது. குழாய் போட்டு நீரை எடுத்த பிறகுதான் இவருக்கு உயிர் வந்தது. ஆண்களுக்கு மூத்திரப் பையின் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். வயதாக ஆக அது பெருத்துப் பாதையை நெருக்குமாம். எத்தனை நாளாக இந்தத் தொந்தரவு என்று டாக்டர் கேட்டார். இன்றைக்குத்தான் என்று இவர் கூசாமல் சொன்னார். டாக்டர் விடவில்லை. கடைசியில் இவர் தரையைப் பார்த்துக்கொண்டு முனகினார்.

"அருவில நின்னா தானாப் போயிரும் டாக்டர். அங்கன காலையில வார வயசாளிக பாதிப் பேருக்கு இதே கததான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் விழுகிற சத்தத்தில் வழி திறந்துகொள்ளுமாம். குளிக்கிற கூட்டத்தில் யாருக்கும் தெரியாதாம். நான் எண்ணெயும் துண்டும் கொடுத்து அனுப்பியது இதற்குத்தான். பக்கத்தில் நின்று தீர்த்தம் என்று தலையில் வாங்கியவர்களை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இதை இப்படியே விட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும், ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். இவர் முடியவே முடியாது என்றார். எங்கள் தெருவில் ஒருவருக்கு எப்போதோ இதற்காக வயிற்றைக் கிழித்தார்கள்; புண் ஆறாமல் அவர் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். அந்தப் பயம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மதுரையில் இப்போது வயிற்றைக் கிழிக்காமலே செய்கிறார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்து, சிறுநீர் வருகிற பாதை வழியாகவே ஒரு மெல்லிய கருவியை உள்ளே விட்டு, அதிலேயே பார்த்துக்கொண்டு பெருத்த சதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பார்கள். தையலே கிடையாது.

இதைக் கேட்டதும் இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அந்த வழியாவா? அதுக்கு வயித்தையே கிழிச்சிரலாம்" என்றார்.

கிழித்தாலும் மாட்டேன், கிழிக்காவிட்டாலும் மாட்டேன் என்கிற ஒரு மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? குழாயும் நீர் சேர்கிற பையுமாக வீட்டுக்கு வந்தார். பையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் காய்ச்சல் என்றார். மறுபடி காட்டப் போனபோது டாக்டர் குழாயை எடுத்துப் பார்த்தார். அன்று மாலையே அடைத்துக்கொண்டு, திரும்பவும் போட வேண்டியதாயிற்று. நான் கெஞ்சினேன். அழுதேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

அந்த நேரத்தில்தான் மகளைக் கட்டிக்கொடுத்த கடையநல்லூர்ச் சம்பந்தி வீட்டார் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்குச் சம்பந்தி வாராக. போர்வைய எடுத்துட்டு அந்தப் பைய அவுகளுக்கு நானே காட்டுதேன். இல்லைன்னா காலையில மதுரைக்குப் புறப்படணும். எது வேணும்னு இப்பமே சொல்லிருங்க."

விடிந்தும் விடியாமல் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். சாவுக்குப் பயப்படாதவர் சம்பந்திக்குப் பயந்தார்.

மதுரையில் சொன்னபடியே நடந்தது. ஆபரேஷன் முடிந்ததும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் உள்ளே விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். முதலில் சிவப்பாக வந்தது, மெள்ள மெள்ளத் தெளிந்தது. எரிச்சல் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு வாரம் போல ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நடந்தே வெளியே வந்தார். குழாயை எடுத்த பிறகு முதன்முதலாகத் தானாக நீர் பிரிந்தபோது, கதவைத் திறந்துகொண்டு வந்து என்னைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அந்த ஒரு நிமிஷம் என் கோபமெல்லாம் போய்விட்டது. அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பியதும், ஆபரேஷன் என்று மட்டும் கேள்விப்பட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு சொந்தக்காரர்கள் வந்தார்கள். தையல் எங்கே, காட்டுங்கள் என்றார்கள். தையலே இல்லாமல் என்ன ஆபரேஷன், டாக்டர் ஏமாற்றிவிட்டான் என்றார்கள். இவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் இவரோடு தினமும் அருவிக்கு வருகிற பலசரக்குக் கடைக்காரர் வந்தார். நல்ல மனிதர், என்னை மதினி என்று வாய் நிறையக் கூப்பிடுவார். இவர் என்னைக் காப்பி போட அனுப்பினார். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். நான் தம்ளரோடு வந்ததும் பேச்சு மழைக்குத் தாவிவிட்டது.

அந்த வருஷம் ஆடியில் சாரல் பிரமாதமாக இருந்தது. ஊரே அருவியில் கிடந்தது. அந்த மாதத்திலேயே அந்தப் பலசரக்குக் கடைக்காரர் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிட்னி ரெண்டும் போச்சுன்னு டாக்டர் சொன்ன பொறவுதான் எனக்கே தெரியும். மூத்திரம் அடைச்சிருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று அழுதார்.

வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டேன். அன்றைக்கு அவர் என்னதான் கேட்டார், நீங்கள் என்னதான் சொன்னீர்கள் என்று விடாமல் கேட்டேன். கடைசியில் வாய் திறந்தார்.

"ஆபரேஷன் பண்ணியளாமேன்னு கேட்டான். அந்த வழியாப் பண்ணுனாகன்னு எப்படிச் சொல்ல? அதெல்லாம் ஒண்ணும் இல்ல, மாத்திரையிலயே சரியாப் போச்சுன்னு சொல்லிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு என்ன பேர் வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை. தான் பிழைத்து வந்த வழியைக் கூட நின்றவனுக்குச் சொல்ல ஒரு மனுஷருக்கு வெட்கம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் குற்றாலம் பக்கம் போகவே இல்லை.

அன்றிலிருந்து நான்தான் கேட்கிறேன். கல்யாண வீடானாலும் சரி, கோயிலானாலும் சரி, வயதான ஆண்பிள்ளை யாராவது அடிக்கடி எழுந்து போவதைப் பார்த்தால், நேரே போய், "அண்ணாச்சி, நீர் நல்லாப் பிரியுதா?" என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என் தம்பியே சபையில் என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று சண்டை போட்டுவிட்டு, மறுமாதம் சத்தமில்லாமல் மதுரைக்குப் போய் வந்தான். வெட்கங்கெட்ட பொம்பளை என்று எங்கள் பக்கத்தில் எனக்குப் பெயரே வந்துவிட்டது. அந்தக் கடைக்காரர் மனைவி என் கையைப் பிடித்து அழுத அழுகைக்கு முன்னால், அந்தப் பெயர் எனக்கு ஒரு பொருட்டாகவே தெரிவதில்லை.