பிடரிப் படங்கள்

என் அக்கா முடி வெட்டுகிறவள். நாள் முழுக்க அவள் பார்ப்பது அடுத்தவர் பிடரி. வீட்டுக்கு வந்து வரைவதும் அதையேதான். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத அந்தப் படங்களுக்கு, பழைய அச்சகத்தில் நடக்கும் எங்கள் பகுதிக் கலைக்கூடம்தான் ஒரு சுவர் கொடுத்தது. வாய்ப்பில்லாத புதியவர்களைக் கைதூக்கிவிடுவார்களாம். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை.

திறப்பு நாளன்று வந்தவர்கள் அக்காவை மொய்த்துக்கொண்டார்கள். "எவ்ளோ கஷ்டப்பட்டீங்க, சொல்லுங்க!" என்று உச்சுக்கொட்டினார்கள். படங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அவள் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு தலையாவது சுவர்ப்பக்கம் திரும்ப வேண்டுமே!

"படத்தையும் கொஞ்சம் பாருங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

கூடத்தின் பொறுப்பாளர் என்னை ஓரங்கட்டினார். "கோவிச்சுக்காதீங்கம்மா, அவங்க கதையைக் கேக்கத்தானே எல்லாரும் வந்திருக்காங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ, "விடுடி," என்று சிரித்தாள். அவள்மேலும்தான் எரிச்சல்.

அடுத்த கண்காட்சிக்கும் பிடரிகளையே வரைந்தாள். இந்தத் தடவை ஒரு சுவர் நிறைய, நெருக்கியடித்து நிற்கும் தலைகள். பொறுப்பாளர் முதல்முறையாகப் படத்தின் அருகில் போய் உற்றுப் பார்த்தார்.

"யாரு இவங்கல்லாம்?"

"போன தடவை படம் பாக்க வந்தவங்க," என்றாள் அக்கா.