கருப்பு அத்தியும் பெண் பார்க்க வந்தவர்களும்

எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் முதலில் அத்திக்கு; மிஞ்சினால் மனிதர்களுக்கு. முத்தையாபுரத்தில் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும். மாநகராட்சிக் குழாயில் வருவதைப் பிடித்து, அப்பாவும் அம்மாவும் குடம் குடமாக மொட்டைமாடிக்கு ஏற்றுவார்கள். நான் உப்புத்தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பேன். முடி கொட்டுகிறதே என்றால், "முடி மொளைக்கும்ளா. எல உதுந்தா காய் பிடிக்காது" என்பாள் அம்மா.

இந்தக் கிறுக்கில் எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. நீல டிரம்களைப் பாதியாக அறுத்து, மாடி முழுக்கச் சீமை அத்தி. துறைமுகப் பக்கமிருந்து வந்து படியும் கரித்தூளை அம்மா ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பாள். என் முகத்தை அவள் அத்தனை பொறுமையாகத் துடைத்துவிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. துபாயில் வேலை பார்க்கும் அண்ணன், ஊரான் வீட்டு அண்ணன்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவருகையில், ஈரக் காலுறைக்குள் அத்திக்குச்சியைச் சுருட்டிக் கொண்டுவருவான். கருப்பு அத்தி அப்படி வந்ததுதான். அது துளிர்த்த அன்று தெருவுக்கே பாயசம். நான் எம்.எஸ்சி. தேறிய அன்று ஒரு வாழைப்பழம்கூட இல்லை. நானும் பெரிய யோக்கியம் கிடையாது. இலையில் மாவுப்பூச்சியைக் கண்டால் ஆபீஸுக்குத் தாமதமாகத்தான் போவேன்.

எனக்கு வந்த வரனும் அத்தி வழியாகவே வந்தது. அத்தி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்பாவுக்குப் பழக்கமான சாத்தான்குளத்துக் கடைக்காரர் ஒருவர் தன் மகனுக்குப் பெண் தேடினார். ஜாதகம் பார்த்தார்கள், நன்றாகப் பொருந்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். காபி ஆறுவதற்குள் பெரியவர்கள் எல்லோரும் மாடிக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையும் நானும் மட்டும் கீழே மிஞ்சினோம்.

"உங்க வீட்லயும் நல்ல தண்ணி மாடிக்குத்தான் போகுதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"எனக்குக் காலேஜ்லயே பாதி வழுக்க. அப்பாட்ட கேட்டா பரம்பரைங்காரு. அவருக்கு இன்னும் தல நெறைய முடி."

பெண் பார்க்க வந்த ஒருவர் முன்னால் நான் அதுவரை வாய்விட்டுச் சிரித்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனாலும் அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

மாடியில் நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். கருப்பு அத்தியில் ஒரு குச்சி கேட்டிருக்கிறார் மாப்பிள்ளையின் அப்பா. "கல்யாணம் முடியட்டும் அண்ணாச்சி, பொண்ணோட சீரா அனுப்புதேன்" என்றிருக்கிறார் அப்பா. பெண்ணைத் தரச் சம்மதித்த மனுஷனுக்கு ஒரு சாண் குச்சியைத் தர மனசு வரவில்லை.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றப் போன அம்மா, கருப்பு அத்தியின் ஒரு கிளை நுனி சுத்தமாக வெட்டப்பட்டு, பால் வடிந்து காய்ந்திருப்பதைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா கொண்டுவந்த கைப்பை அத்தனை பெரிதாக இருந்தது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பெண் பார்க்க யாராவது கத்தரியோடு வருவார்களா என்று அப்பா குதித்தார். நாங்களும் கல்யாண வீடுகளுக்குக் கத்தரியோடுதான் போகிறோம் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அப்பா வெட்டுக்குச் சாணி அப்பினார்.

அடுத்த வாரமே தகவல் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். ஏற்கெனவே பொருந்திய அதே ஜாதகம்.

"ஒரு போன் போட்டு என்னன்னு கேளுங்கப்பா," என்றேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

"பொண்ணு வீட்டுக்காரங்க நாமளா கூப்பிட்டா என்ன நெனப்பாங்க? மரியாத போயிரும்ளா."

அம்மாவும் தலையாட்டினாள். நான் இன்னொரு முறையும் கேட்டுப் பார்த்தேன். மரியாதை அசைந்து கொடுக்கவில்லை.

சில மாதம் கழித்துக் குழுவில் ஒரு படம் வந்தது. சாத்தான்குளத்துக்காரர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எங்கள் கருப்பு அத்தியைத் தொட்டியில் வைத்துப் படம் பிடித்துப் போட்டிருந்தார். துளிர்த்திருந்தது, ஆனால் இலையெல்லாம் மஞ்சள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்தவர் கூப்பிட்டே விட்டார்.

"அண்ணாச்சி, தண்ணி சாஸ்தியாவுது. வேரு அழுகிரும். நெழல்ல வைங்க. பச்சப்புள்ளய பாக்குத மாரி பாக்கணும்."

பேச்சு நீண்டது. உரம், மண், வேப்பம்புண்ணாக்கு எல்லாம் வந்தன. திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அடுக்களை வாசலில் நின்று, ஜாதகம் ஏன் பொருந்தவில்லை என்று இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். "சரி அண்ணாச்சி, புதுத் துளிர் வந்தா படம் அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்.

அவர்கள் வேண்டாம் என்றபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அப்பா பதறிப்போய் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"அழாதளா," என்றார். "வெட்டுன எடத்துல ரெண்டு கெள வெடிக்கும்."